கத்திரி வெயிலில் கம்பளி

கார்குழலி வீட்டுக்கு யார் வந்தாலும் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். கூடத்தில் முக்கால்வாசியை ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்டு பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு நீளமான மரக்கட்டை, நடுவில் துணி, நான்கு ஓரத்திலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் கார்குழலி, அந்தப் பக்கம் புளியந்தோப்பிலிருந்து வரும் ரூஹி. இரண்டு பேரும் குனிந்து கொக்கி ஊசியால் நூலைக் கீழிருந்து மேலே எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கார்குழலியின் புருஷன் ஜெயவேல் சாப்பிட உட்கார்ந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு தட்டை மடியில் வைத்துக்கொள்வான். துணியில் ஒரு சொட்டு மீன்குழம்பு பட்டுவிட்டால் அப்புறம் இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் ரசம்தான்.

நான் எதிர் வீட்டில் தனியாக இருக்கிறேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை. ஊர் சாத்தான்குளம் பக்கம். தெற்கேயிருந்து வந்தவன் யாராக இருந்தாலும் ஜெயவேலுக்கு அண்ணாச்சிதான். எனக்குக் கடையும் இல்லை, கல்லாவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் அப்பால வரும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டான்.

கார்குழலி அண்ணா நகரில் ஒரு கடைக்குக் கல்யாண ரவிக்கைகளுக்கு வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்து அனுப்பியதும் கழுத்துக்குப் பின்னால் கடைக்காரர்கள் தங்கள் பேர் போட்ட பட்டையை வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒருமுறை ரூஹி போனில் ஒரு கல்யாண வீடியோ காட்டினாள். பெண்ணின் முதுகில் கார்குழலி போட்ட மயில்கள். அந்தப் பெண் கடையின் பேரைச் சொல்லி, அவர்களால்தான் இவ்வளவு அழகு என்று சிரித்துக்கொண்டே சொன்னது. கார்குழலி இரண்டு தரம் பார்த்தாள். மூணாவது மயில் கண்ணு கொஞ்சம் கோணல் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். நாலு தையல் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"பதினாலு வருசமா ஊசி புடிக்கிறேன். எம் பேர சொல்லி ஒருத்தரும் ஒண்ணும் போட்டதில்ல."

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில்தான் மகிமா படியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். பாதிரியார் படிப்பு முடித்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் சபையில் மூன்று வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவள். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அவளுக்குக் குருப்பட்டம். அதன் பிறகு எண்ணூர் சபைக்கு அவள்தான் ஆயர். ரூஹியின் தங்கை போட்டிருந்த ரவிக்கையைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருந்தாள்.

பையிலிருந்து அவள் எடுத்தது கம்பளித் துணி. நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல், ஒன்பது அடி நீளம். சாயம் ஏற்றாத பால் நிறம். அங்கிக்கு மேல் கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் முழங்கால் வரை தொங்கவிடுகிற ஸ்டோல். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சேர்ந்து தறிக்காரரிடம் சொல்லி நெய்து கொடுத்தது. மலையில் அது இல்லாமல் காலை ஆராதனைக்கு நிற்க முடியாதாம். அதைத்தான் குருப்பட்டத்துக்குப் போடப்போவதாகச் சொன்னாள். ஒரு முனையில் தேயிலை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக மூன்று கொத்து. மறு முனையில் எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கும் அலையாத்தி மரத்தின் கிளை. கழுத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிலுவை.

"மேரேஜ் பிளவுஸ் மட்டும்தான் செய்வீங்களாக்கா?"

"இதுவரிக்கும் அதான் செஞ்சிகினு இருந்தேன்," என்றாள் கார்குழலி. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எம் பேர சொல்வியா?"

மகிமாவுக்குக் கேள்வி புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன் என்றாள்.

தேயிலையை மகிமா போனில் காட்டிவிட்டாள். அலையாத்தியைப் படத்தில் பார்த்துப் போட கார்குழலிக்கு மனசில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயவேல் வண்டியில் எண்ணூருக்குக் கூட்டிப்போனான். முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து தண்ணீர் பாட்டிலில் வைத்தாள். இலையின் மேலே பச்சை, அடியில் சாம்பல். இரண்டு நாளில் இலை மேல் சர்க்கரை தூவியதுபோல் ஏதோ பூத்தது. நக்கிப் பார்த்ததாக என்னிடம் வந்து சொன்னாள்: "உப்பு கரிக்குது அண்ணாச்சி. கடல்தண்ணிய குடிச்சிட்டு உப்ப மட்டும் வெளிய தள்ளிடுது. இன்னா கெட்டிக்கார மரம் பாத்தியா." அந்த உப்பையும் வெள்ளைப் பட்டு நூலில் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டாள். பன்னிரண்டு நாள் வேலை. நான் இரும்பு பார்த்துப் பழகியவன். எனக்கே அந்த இலையைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும் என்று தோன்றியது.

குருப்பட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மகிமா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தேவகிருபை அம்மாளுக்குக் கல்மண்டபத்தில் கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம். புருஷன் போன பிறகு இருபது வருஷமாகத் தனியாக நடத்துகிறார். நாசரேத் பக்கத்துப் பேச்சு, ஒரு எழுத்துகூட மாறவில்லை. கம்பளி விஷயமே அவருக்குப் பிடிக்கவில்லை. கத்திரி வெயிலில் கம்பளி போட்டுக்கொண்டு நிற்க இது என்ன ஊட்டியா என்று படியேறும்போதே கேட்டுக்கொண்டு வந்தார். கோயில் சாமான் விற்கும் கடையில் வெள்ளை சாட்டினில் தங்கச் சரிகைச் சிலுவையும் திராட்சைக் குலையும் போட்டு ஏற்கனவே ஒன்று வாங்கி பீரோவில் வைத்திருந்தார்.

அவர்கள் கண் முன்னாலேயே கழற்றிக் காட்டலாம் என்று கார்குழலி நினைத்தாள். ஸ்டாண்டில் இருந்தவரை அது அவ்வளவு அழகாக இருந்தது. தேவகிருபை அம்மாளே கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரூஹி ஓரத்துக் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடைசி முடிச்சு கழன்றதும் துணி மூச்சை உள்ளே இழுத்ததுபோல் சுருங்கியது. கம்பளி தன் அளவுக்குத் திரும்பிப் போய்விட்டது. பட்டு நூல் இழுத்துக் கட்டிய நீளத்திலேயே நின்றுவிட்டது. தேயிலையும் அலையாத்தியும் நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் மடிந்து, காய்ந்த கருவாடு மாதிரி முறுக்கிக்கொண்டன.

ரூஹி கையால் தேய்த்து நீவிப் பார்த்தாள். விட்டதும் மறுபடி முறுக்கிக்கொண்டது.

"ஏட்டி, இதையா தோள்ல போட்டுட்டு பிஷப் முன்னால நிக்கப் போற?" என்று மகளைக் கேட்டார் தேவகிருபை. பிறகு கார்குழலி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "ஒன்ன ஒண்ணும் சொல்லலம்மா. இவள சொல்லுதேன். கோயிலுக்குப் போடுத துணி. எடம் பாத்துக் குடுத்திருக்கணும்."

"எடம்னா இன்னா எடம்மா?"

கார்குழலி மெதுவாகத்தான் கேட்டாள். மகிமா அம்மாவின் கையைப் பிடித்து, போதும்மா என்றாள். தேவகிருபை அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னல் மேலே இருந்த புத்தர் காலண்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அடுத்த சனிக்கெழம வரிக்கும் டைம் குடுங்க," என்றாள் கார்குழலி. "பிரிச்சிட்டு மறுக்கா போட்டுத் தரேன்."

தேவகிருபை வியாபாரி. உடனே கணக்காகப் பேசினார்.

"சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணி. கல்மண்டபத்துல எங்க கடைக்கே கொண்டாந்துரு. ஒரு சுருக்கம் என் கண்ணுல பட்டாலும் சாட்டின்தான். அதுக்கப்புறம் எம் மவ ஒரு வார்த்த பேசப்படாது. என்னட்டி?"

மகிமா கார்குழலியைப் பார்த்தாள். பிறகு, சரி என்றாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் ரூஹி, தப்பு நம் மேல் இல்லை, துணியின் மேல்தான் என்று ஆரம்பித்தாள். கார்குழலி விடவில்லை.

"துணி மேல இன்னா தப்பு ரூஹி? பட்டுக்குக் கட்ற மாதிரி அத்த போட்டு இஸ்துக் கட்னது நான்தான?"

ஆரி வேலை செய்கிறவர்களுக்கு அது வழக்கம். துணியைக் கட்டியதும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். மேளம் மாதிரி ஒலிக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். பட்டு அதற்கெல்லாம் அசையாது. கம்பளி இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுத்துவிட்டு, விட்டதும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். இந்த ஊரில் கம்பளியை யார் கண்டார்கள்.

ஜெயவேல் கண்டிருந்தான். அவன் வேலை மாதவரத்தில் ஒரு குளிர்கிடங்கில், ஐஸ்கிரீம் பெட்டி ஏற்றி இறக்குவது. மே மாதத்தில் மொத்த வியாசர்பாடியிலும் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். அதற்காகத் தெருவில் அவனைக் காஷ்மீரு என்று கூப்பிடுவார்கள். சாயந்திரம் வந்தவன் எல்லாம் கேட்டுவிட்டு ஸ்வெட்டரைப் போட்டு, கையை முழங்கையிலிருந்து விரல் வரை இழுத்துவிட்டுக் காட்டினான். விட்டதும் அது மணிக்கட்டுக்கு ஏறிக்கொண்டது.

"தோ பாத்தியா. கம்பளின்னா அப்டிதான் குழலி. அத்த கட்டிப் போட முடியாது."

"அப்போ மடில வச்சிதான் தைக்கணும். சாதா ஊசில."

"தெரியுமா ஒனக்கு?"

"கார்ப்பரேசன் ஸ்கூல்ல ஏழாவது படிக்கசொல்ல காம்புத் தையல் போட்டு ஒரு கைக்குட்ட செஞ்சேன்."

"ஏழாவதுலயா. இன்னாமோ நேத்து மாதிரி சொல்ற," என்றான் ஜெயவேல்.

அவள் சிரிக்கவில்லை. கத்தரியை எடுத்து ஒரு இலையின் நுனியில் நூலை வெட்டி, முனையைப் பிடித்து இழுத்தாள். சங்கிலித் தையலில் ஒரு வசதி, ஒரு கொடுமை. சரியான முனை கிடைத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வந்துவிடும். ஒரு இலை போட ஒரு முழு நாள். பிரிய ஒரு நிமிஷம். பன்னிரண்டு நாள் வேலை முக்கால் மணி நேரத்தில் நூலாகிவிட்டது. ரூஹி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, பச்சையைத் தனியாக, சாம்பலைத் தனியாக, வெள்ளையைத் தனியாகச் சுற்றி வைத்தாள். ஜெயவேல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

துணியெல்லாம் ஊசி ஓட்டை. மறுநாள் காலை இட்லிக் குண்டானில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினாள். கம்பளி உப்பி, ஓட்டைகளைத் தானே மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கடைக்கு முடிக்க வேண்டிய ரவிக்கைகளை ரூஹி தனியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் மடியில் வைத்துத் தைப்பது வேறு கதை. ஸ்டாண்டில் கை துணியைத் தொடாது, ஊசி மட்டும்தான் தொடும். மடியில் வைத்தால் இடது கை முழுக்கத் துணிக்குள் இருக்க வேண்டும். மே மாதம், மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடித் தளம். எங்கள் பக்கத்தில் காற்று பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி வரும்போதே பிசுபிசுவென்று வரும். விரல் வேர்வையில் ஊசி வழுக்கியது, நூல் முறுக்கியது. பவுடர் போட்டாள்; பவுடர் குழைந்து பிசினானது. ஃபேனைப் போட்டால் கம்பளி நார் பறந்து கண்ணில் விழுந்தது. இரண்டு நாள் அப்படியே போராடினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாவது இலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு அழுக்கு. அதை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. துணியைத் தலையணை உறையில் போட்டு வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்து அவள் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

ஜெயவேல் முகம் கழுவிவிட்டு வந்து எதிரில் குந்தினான்.

"நாளைக்கி எங்கூட வா."

"எங்க?"

"எங்க கோல்டு ஸ்டோருக்கு. அங்க வேர்வைனா இன்னான்னு கேப்பானுங்க."

"யோவ், நான் இன்னா ஐஸ்கிரீமா?"

"உள்ள இல்லம்மே. முன் ரூம்பு ஒண்ணு கீது. பொட்டிக்கு சீட்டு ஒட்ற ரூம்பு. பன்னண்டு டிகிரி. மலை மாதிரிதான் இருக்கும். அந்தத் துணி பொறந்த எடம்னு நெனச்சிக்கும்."

அவள் எழுந்து போய் முகம் கழுவினாள்.

குளிர்கிடங்கில் சூப்பர்வைசர் ஆண்ட்ரூ. வெளியாட்களை உள்ளே விடுவது சட்டப்படி கூடாது, விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். ஜெயவேல் துணியைப் பிரித்துக் காட்டி, ஒரு பொம்பளை பாதிரியாருக்கு என்று சொன்னதும் ஆண்ட்ரூ கையைத் துடைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அவர் கத்தோலிக்கர். "எங்க சர்ச்சுல பொம்பளைங்கள பீடம் ஏத்தமாட்டாங்கப்பா. எங்கயாச்சும் ஒண்ணு ஏறுதுன்னா நாம ஏன் குறுக்க நிக்கணும்," என்று சொல்லி, வருகிறவர்கள் பதிவேட்டில் தானே எழுதி, தொப்பியும் தடித்த ஜாக்கெட்டும் கொடுத்து, கம்பெனி மேலிடத்துக்குப் போன் போட்டுச் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ரூஹி இன்னும் கொஞ்சம் சாம்பல் நூல் வாங்கிக் கொடுத்தாள். அதோடு ஒரு தூக்கில் புளிசாதமும் எடுத்துக்கொண்டு மாதவரம் போனேன். வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயில். தடித்த ரப்பர்த் திரையை விலக்கி உள்ளே போனதும் காதுமடல் சுரீர் என்றது. பேரீச்சம்பழப் பெட்டிகள் கூரை வரை. அதற்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஜெயவேலின் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா, மடியில் வெள்ளைத் துண்டு, அதன் மேல் கம்பளி. வாயிலிருந்து மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இங்க துணி நம்ம பேச்ச கேக்குது," என்றாள்.

ஊசி எண்ணெய் போட்டதுபோல் போய் வந்தது. ஒவ்வொரு இலை முடிந்ததும் அவள் ஒன்று செய்தாள். துணியை இரண்டு கையாலும் பிடித்து நீளவாட்டில் லேசாக இழுத்துவிட்டாள். நூல் எங்காவது துணியைப் பிடித்து நிறுத்தினால் அந்த இடத்தை உடனே பிரித்து, கொஞ்சம் தளர்த்திப் போட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன பன்னிரண்டு நாள்தான் கற்றுக் கொடுத்தது.

குளிரில் ஒரு கஷ்டம் உண்டு. முக்கால் மணி நேரத்தில் விரல் மரத்துவிடும், ஊசி இருப்பதே தெரியாது. அப்போது எழுந்து வெளியே ஓடுவாள். சரக்கு ஏற்ற நிற்கும் குளிர்பெட்டி லாரிகளின் முகப்பில், எஞ்சினுக்கு மேலே, இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். கொதிக்கும் தகரம். ஐந்து நிமிஷத்தில் விரல் திரும்பி வந்துவிடும். நான் இருந்தபோது தங்கப்பாண்டி என்று ஒரு டிரைவர், திண்டுக்கல் பக்கம், இறங்கி வந்து கும்பிட்டான்.

"எக்கா, அப்படியே டயருக்கும் ஒரு ஆசீர்வாதம் பண்ணிருங்க. முன்னாடி லெஃப்ட்டு கொஞ்சம் மோசம்."

"ஒன் டயருக்கு ஆசீர்வாதம் பத்தாது நைனா, புச்சு டயருதான் வேணும்," என்றாள் கார்குழலி, கையை எடுக்காமலே.

செவ்வாய்க்குள் சீட்டு ஒட்டும் பெண்களெல்லாம் அவள் கட்சியாகிவிட்டார்கள். யார் வந்தாலும் முதலில் கேட்பது எத்தனை இலை ஆச்சு என்பதுதான். ஆண்ட்ரூ பன்னிரண்டு டிகிரியைப் பதினாலாக்கி வைத்தார். புதன்கிழமை தேயிலை முடிந்தது. வெள்ளிக்கிழமை அலையாத்தி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்து உப்புப் புள்ளிகளை வைத்து, கழுத்துச் சிலுவையின் கடைசிக் கையையும் முடித்தபோது மணி பத்தே முக்கால்.

மாதவரத்திலிருந்து கல்மண்டபம் போவது சும்மா இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஜெயவேல் வண்டியை இரண்டு லாரிக்கு நடுவில், பிளாட்பாரத்தில், எதிர்ப் பக்கத்தில் என்று ஓட்டியிருக்கிறான். சனிக்கிழமை எனக்கு அரை நாள். நான் சாத்தாங்காட்டிலிருந்து நேராக வந்து கடை வாசலில் நின்றேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து இறங்கினார்கள். கார்குழலி ஸ்வெட்டரைக் கழற்ற மறந்திருந்தாள். நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள் தலையணை உறையை.

கடை முழுக்கக் கயிற்றுச் சுருள். தார் நாற்றம். மகிமா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மேஜை மேல் கண்ணாடித்தாள் உறைக்குள் சாட்டின் ஸ்டோல். தேவகிருபை அம்மாள் மேஜையில் ஒரு வேஷ்டியை விரிக்கச் சொன்னார். கார்குழலி கம்பளியை அதன் மேல் நீளமாக வைத்தாள்.

அவர் குனிந்தார். தேயிலை முனையிலிருந்து ஆரம்பித்து விரல் விரலாக நகர்ந்தார். அலையாத்தி இலையில் நின்றார். வெள்ளைப் புள்ளியை விரல்நகத்தால் தட்டிவிடப் பார்த்தார். அது போகவில்லை. ஸ்டோலைக் கையில் எடுத்தார்.

கயிறு வாங்குகிறவர்கள் செய்வதை அவர் செய்தார். இருபது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. ஒரு முனையை இடது கையில் சுற்றி, ஒரு முழம் தள்ளி வலது கையில் பிடித்து, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். மகிமா அம்மா என்று எழுந்துவிட்டாள். ஜெயவேல் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு இழுப்பு. பிறகு விட்டார்.

கம்பளி நீண்டு, திரும்பி வந்து, வேஷ்டியின் மேல் தட்டையாகப் படுத்துக்கொண்டது. இலைகளும் அதோடு நீண்டு, அதோடு திரும்பி வந்திருந்தன. ஒரு குழி இல்லை, ஒரு மடிப்பு இல்லை.

கார்குழலி மட்டும் அசையாமல் நின்றாள். "இன்னொரு தபா வேணாலும் இஸ்துப் பாருங்க," என்றாள்.

தேவகிருபை இழுக்கவில்லை. துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தார். முன்னும் பின்னும் கழுத்துப் பக்கம் எதையோ தேடினார்.

"ஓம் பேரு எங்க?"

"பேரா?"

"எங் கடையில இருந்து பத்து முழம் தும்புக் கயிறு போனாலும் சீட்டு இல்லாமப் போவாது. இவ்வளவு செஞ்சிருக்க, யாரு செஞ்சான்னு எழுத வேண்டாமா? உக்காரு. இங்கயே போடு."

ஒரு கயிற்றுச் சுருளைக் காலால் தள்ளிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஃபேனை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். கார்குழலி உட்கார்ந்து, சிலுவைக்கு நேர் பின்னால், சாம்பல் நூலில், நெல்லளவு எழுத்தில் தன் பேரைப் போட்டாள். முடித்து முடிச்சுப் போடப் போனாள்.

"ஊரு?" என்றார் தேவகிருபை.

கார்குழலி நிமிர்ந்து பார்த்தாள். வாடிக்கையாளர்கள் வீடு எங்கே என்று கேட்டால் அவள் பெரம்பூர் பக்கம் என்றுதான் சொல்வாள். எங்கள் பிளாக்கில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். வியாசர்பாடி என்றால் சில பேர் அடுத்த கேள்வி கேட்காமல் போனை வைத்துவிடுவார்கள்.

"ஊரும் போடணுமா?"

"அன்னைக்கு ஒங்க வீட்டுல நின்னு எடம் பாத்துன்னு ஒரு வார்த்த சொன்னேன்லா," என்றார் தேவகிருபை. அவர் கை வேஷ்டியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது. "நீ என்ன எடம்னு கேட்ட. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இப்பம் எழுது. தெளிவா எழுது."

ஆறு எழுத்து எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஃபேன் இருந்தும் வேர்த்துக் கொட்டியது. ஒரு சொட்டுகூடத் துணியில் விழவில்லை. சாட்டின் ஸ்டோலை மகிமா எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கோயில் நிறைந்து வழிந்தது. நாசரேத்திலிருந்து இரண்டு வேன் சொந்தக்காரர்கள், எண்ணூர்ச் சபையார், கோத்தகிரியிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழு பேர். நாங்கள் நான்கு பேரும், ரூஹி உட்பட, பின்னால் தூண் பக்கத்தில் நின்றோம். பிஷப் கம்பளியை எடுத்து மகிமாவின் தோளில் போட்டார். அவள் திரும்பி நின்று முதல் ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தியபோது இரண்டு முனையும் சேர்ந்து மேலே போய், கையை இறக்கியதும் நேராகக் கீழே விழுந்து நின்றன. முகமெல்லாம் வேர்வை அவளுக்கு. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கார்குழலி துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயவேல் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் எல்லாரும் மகிமாவுக்குக் கை கொடுத்தார்கள். நாங்கள் வாசல் தூணோரமாக ஒதுங்கி நின்றோம். கோத்தகிரிப் பெண்கள் தேயிலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். நாசரேத்துப் பெண்களுக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிய வேண்டும். தேவகிருபை அம்மாள் மகளின் தலையைக் குனிய வைத்துக் கழுத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஒருத்தி பார்த்ததும் அடுத்தவள். பிஷப் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். பாக்கத்தான காட்டுதேன். கார்குழலி, வியாசர்பாடி. படிச்சியா? நல்லா படி. அந்தா தூணுப் பக்கம் நிக்கா பாரு, அவதான்."

நாலைந்து பெண்கள் தூணைப் பார்த்து வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், பையன் அடுத்த வருஷம் குருப்பட்டம் வாங்கப்போகிறான், உன் வீடு எங்கம்மா என்று கேட்டார். ஜெயவேல் வாயைத் திறப்பதற்குள் கார்குழலி முந்தானையைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"வியாசர்பாடி. ஹவுசிங் போர்டு, பி பிளாக்கு, மூணாவது மாடி," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "லிஃப்ட்டு கெடயாது. ஏறிதான் வரணும்."